உற்றார் உறவினர்களுக்கு ஒரு ராக் அறிவித்தல்

எங்கள் வானொலிக்கு இப்போது அச்சிட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. ஆண்டு நிறைவை முன்னிட்டுப் பளபளவென்று ஒரு சிறு புத்தகம் போட்டிருக்கிறார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு முற்றத்தின் கோடியிலிருந்த பழைய தச்சுப் பட்டறையில் நான்கு பிரெஞ்சு இளைஞர்கள் எப்படி ஒரு ராக் வானொலியைத் தொடங்கினார்கள், கூரை ஒழுகியபோது ஒலிவாங்கிக்கு எப்படிக் குடை பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் வருகிறது. என்னுடைய சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு நான்கு வரி. தமிழ் மக்களின் ராக் மோகத்தை வெளிக்கொண்டுவந்த நிகழ்ச்சியாம். அந்த மோகம் முழுவதும் நான் ஒருத்திதான். ஆகவே மிச்சத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ராக் பிடித்துப்போனது சென் தெனியில் ஒரு சலவை ஆலையில். ஓட்டல் விரிப்புகளைத் தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்கக்கூடிய இசை அது ஒன்றுதான். எங்களை மேய்த்த மேற்பார்வைக்காரி நாள் முழுக்க இந்த வானொலியைத்தான் வைத்திருப்பாள். முதல் மாதம் எனக்குத் தலைவலி வந்தது. இரண்டாம் மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தலைவலி இல்லையே என்று ஏங்கத் தொடங்கினேன். பிறகு அலுவலக வேலை கிடைத்து ஆலையை விட்டேன். வானொலியை விடவில்லை.

அது இருப்பது நான் மரக்கறி வாங்கும் கடைக்குப் பின்புறம்தான் என்று தெரியவந்த அன்று, முருங்கைக்காய்ப் பையோடு உள்ளே போனேன். அந்த நான்கு இளைஞர்களில் மிஞ்சியிருந்த ஒருவர்தான் பொறுப்பாளர். இளமை போய், முன்னால் வழுக்கையும் பின்னால் குடுமியுமாக இருந்தார். அவருக்கும் அப்போது அவசரமாக ஒரு தமிழர் தேவைப்பட்டார். அலைவரிசை அனுமதியைப் புதுப்பிக்கும் டொசியே என்ற விண்ணப்பக் கோப்பில், இந்தப் பகுதியில் வாழ்பவர்களுக்காக என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. பதில் எழுதும் இடம் வெறுமையாகக் கிடந்தது. சித்தார் இசை போடுவீர்களா என்று ஆசையோடு கேட்டார். சித்தாரை நான் நேரில் கண்டதே இல்லை என்றேன். ராக் பாட்டுப் போட்டு, தமிழில் பேசுவேன் என்றேன். கொஞ்சம் ஏமாற்றத்தோடு ஒப்புக்கொண்டார்.

மூன்று மாதம் ஓர் ஈ காக்காய்கூட அழைக்கவில்லை. அழைப்பு வந்தால் மின்னுவதற்கென்று தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. பொறுப்பாளர் அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். கோடை விடுமுறை வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம் என்றார். வீட்டிலும் அலுவலகத்திலும் என் வாயிலிருந்து வருவதெல்லாம் மற்றவர்களுக்கு வேண்டிய பதில்கள்தான். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் எனக்குப் பிடித்ததை நான் பேசினேன். அதை இழக்க எனக்கு மனமில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை விளக்கு மின்னியது. கூசேன்வில்லிலிருந்து ஒருவர்.

"பிள்ளை, தமிழிலை கதைக்கிறது நீங்கள்தானே? ஒரு மரண அறிவித்தல் வாசிப்பீங்களோ? இணையத்திலை போட்டாச்சு. ஆனால் ஓட்டல் குசினியளிலை வேலை செய்யிற எங்கடை ஆக்கள் ரேடியோதான் கேக்கிறவை."

வாசித்தேன். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், யாருடைய மகன், யாருடைய மைத்துனர், தகனம் எங்கே, எத்தனை மணிக்கு. முடிவில், "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்." அடுத்த வாரத்திலிருந்து விளக்கு அணையவே இல்லை. ஒருவர்கூடப் பாட்டுக் கேட்கவில்லை. "அந்தத் தகரம் தட்டுறதை நிப்பாட்டிப்போட்டு வாசியுங்கோ" என்று மட்டும் சிலர் கேட்டுக்கொண்டார்கள்.

பொறுப்பாளருக்கு வாயெல்லாம் பல். பாட்டுகளுக்கு நடுவே வாசிக்கும் பெயர்கள் யாருடையவை என்று விசாரித்தார். இந்தப் பாட்டு இன்னாருக்கு என்று சொல்வது பிரெஞ்சு வானொலிகளிலும் வழக்கம். அப்படித்தான் இதுவும் என்று சொல்லி வைத்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. வாசித்து முடித்ததும் வரும் பாட்டை மனதுக்குள் அவர்களுக்குத்தான் போட்டேன்.

இத்தனை நேயர்கள் இருக்கிறார்களே என்று, அவர் ஆண்டு நிறைவுக்கு ஒரு மண்டபம் எடுத்து இசைக்குழுவொன்றையும் ஏற்பாடு செய்துவிட்டார். அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்தும் இருவர் வருவார்களாம். உங்கள் நேயர்களே மண்டபத்தை நிரப்பிவிடுவார்கள் என்றார். நிரப்பாவிட்டால் என் பொய்யின் சாயம் வெளுக்கும், நிகழ்ச்சியும் போகும்.

கச்சேரிக்கு முதல்நாள், சனிக்கிழமை, இரண்டு மரண அறிவித்தல்கள் வாசித்தேன். அதே குரலில், அதே மூச்சில், கச்சேரி நடக்கும் மண்டபத்தின் முகவரியையும் நேரத்தையும் வாசித்தேன். பழக்க தோஷத்தில் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்றும் முடித்துவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எப்படியும் ஒருவரும் வரப்போவதில்லை என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிறு மூன்று மணிக்குக் கச்சேரி. இரண்டரைக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. எங்கும் வெள்ளைச் சேலைகள், கறுப்பு மேலங்கிகள். பெண்கள் முன்னால் இருந்தார்கள், ஆண்கள் பின்சுவரோடு கைகட்டி நின்றார்கள். எங்கள் சனம் யார் எவர் என்று விசாரித்துக்கொண்டு செத்தவீட்டுக்கு வருவதில்லை. போகாவிட்டால் குறை சொல்வார்களே என்று முதலில் வந்துவிடுவார்கள், ஆளை அங்கே வந்து விசாரிப்பார்கள். மேடையில் வானொலி தொடங்கிய காலத்துப் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருந்தது. தோள்வரை முடியோடு, இளவயதுப் பொறுப்பாளர். நாடாவில் பெயர் எழுதாத மலர்வளையத்தோடு வந்த ஒருவர் நேரே போய் அதன் கீழே வளையத்தை வைத்து, தலை குனிந்து நின்றார்.

"ஆரண்ணை இது?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"வெள்ளைக்காரப் பெடியன். எங்கடை ஆக்களுக்கு விசா எடுக்க நல்லா உதவினவனாம்."

பத்து நிமிடத்தில் அவருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு தயாராகிவிட்டது. இப்போது அச்சில் வந்திருப்பதைவிட அது நன்றாகவே இருந்தது. கிற்றார்களைக் கண்டவர்கள், இவர்களுடைய சடங்கு இப்படித்தான் போலும் என்று பேசிக்கொண்டார்கள். பொறுப்பாளரோ வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கண்கலங்கிக்கொண்டிருந்தார். அவரைச் செத்தவரின் தமையன் என்று எண்ணி, அவர்களும் ஆறுதலாகக் கையை அழுத்திவிட்டுப் போனார்கள்.

இசைக்குழு தொடங்கியது. ஒருவரும் அசையவில்லை. மடியில் கைவைத்து நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். இவ்வளவு அடக்கமாகக் கேட்கும் கூட்டத்தைக் கண்டதில்லை என்று அனுமதி அலுவலகத்துக்காரர்கள் பொறுப்பாளரிடம் சொன்னார்கள். என் நிகழ்ச்சி தப்பிவிட்டது. எனக்கோ வெட்கமாக இருந்தது. வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை விட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்காகத் துக்கம் கேட்க வந்த சனத்தை நான் ஏமாற்றியிருந்தேன்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். பொண்டி நகரிலிருந்து மகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனானாம்.

"நீங்கள்தானே பிள்ளை ரேடியோவிலை வாசிக்கிறது? கண்ணை மூடினது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை, அன்ரி. இது சும்மா பாட்டுக் கச்சேரி. நான்தான் பிழையா வாசிச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நன்றாக வாங்கிக்கட்டப்போகிறேன் என்று நின்றேன். அவர் படத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். கையில் தயாராக வைத்திருந்த கைக்குட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"என்ரை மனுசன் செத்து ஆறு வருசம். கலியாண வீடு, சாமத்திய வீடு எண்டு நல்ல காரியம் ஒண்டுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போகினமில்லை. நானாப் போனாலும் ஒதுங்கித்தான் நிக்கோணும். செத்தவீடெண்டால் மட்டும் மகன் உடனை காரை எடுப்பான்."

அடுத்த பாட்டு இடிபோலத் தொடங்கியது. அவர் என் கையைப் பிடித்து இழுத்து, காதருகே சத்தமாகச் சொன்னார்.

"அடுத்த முறையும் இப்பிடியே வாசியுங்கோ, பிள்ளை. பாட்டுக் கச்சேரி எண்டு சொல்லிப்போடாதேங்கோ."