மிஸ்திரி தொடாத பம்ப்

என் வீட்டுக்காரர் வாங்கிய கறுப்புக் கார் இன்றுவரை கயிறு கட்டி இழுபட்டதில்லை. அவர் போன பிறகு, பழைய காலத்துப் படம் எடுக்கும்போதெல்லாம் டாலிகஞ்ச் ஸ்டுடியோக்காரர்கள் அதை வாடகைக்குக் கேட்பார்கள். தானே ஓடிப் போகும், தானே ஓடித் திரும்பும். போன வருஷம் ஷூட்டிங்குக்கு முன்னால் பெட்ரோல் ஏறாமல் நின்றுவிட்டது.

“வண்டி அனுப்புறோம், கட்டி இழுத்துட்டு வந்துடலாம்” என்று ஸ்டுடியோக்காரன் போனில் சொன்னான்.

“வந்தா ஓடி வரும். இல்லேன்னா வராது” என்று வைத்துவிட்டேன்.

கார் ரிப்பேர் பார்க்கும் மிஸ்திரி வந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்பைக் கழற்றினார். உள்ளே அப்பளம் போல் ஒரு ரப்பர். ஊறி, கிழிந்து கிடந்தது. இப்போது வரும் பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடுகிறதாம். ஹவுரா போய்ப் புது ரப்பரும் வால்வும் வாங்கி வந்து, எல்லாவற்றையும் தாம்பாளத்தில் பரப்பி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை. அதற்கும் மறுநாள் ஷூட்டிங். காலையிலிருந்தே மைக் செட் அலறல், வானம் முழுக்கப் பட்டம். மிஸ்திரி புதுச் சட்டையோடு, பிரசாதக் கிச்சடியோடு வந்து நின்றார்.

“பம்ப்?” என்றேன்.

“மாஷிமா, இன்னிக்கு ஸ்பேனரைத் தொட மாட்டேன். எல்லாம் சாமி முன்னால இருக்கு.” இந்த ஊரில் மாஷிமா என்றால் பெரியம்மா.

“என் வீட்டு ஸ்பேனர் சும்மாத்தான் இருக்கு. எங்க ஆயுத பூஜை அடுத்த மாசம்.”

“ஸ்பேனர் உங்களோடது. கை என்னோடதாச்சே!”

“கை நான் தரேன். நீங்க வாயால சொல்லுங்க. வாய்க்குமா பூஜை?”

யோசித்துப் பார்த்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கை தன்னால் நீண்டுவிடும் என்று இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

ரப்பரின் நடுவில் ஒரு கம்பி. அதை ஸ்பிரிங்கோடு அழுத்தி, கால் சுற்றுத் திருப்பினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோலின் உள்முனையில் மாட்டிக்கொள்ளுமாம். அழுத்தினேன். ஸ்பிரிங் துள்ளி காருக்கு அடியில் ஓடியது. “ஆஸ்தே, ஆஸ்தே” என்றார். மெதுவாகத்தான் செய்தேன். குப்புறப் படுத்து எடுத்து வந்து அழுத்தினால், மறுபடியும் ஓடியது. ஒரு வழியாக மாட்டி, ஸ்க்ரூவெல்லாம் முறுக்கி, பம்பின் வாயில் விரலை வைத்து நெம்புகோலை ஆட்டினேன். இழுக்கவே இல்லை.

“ஒரு வால்வு தலைகீழா இருக்கு” என்றார்.

“வைக்கும்போதே சொன்னா என்ன?”

“உங்க கை மறைச்சுது.”

எல்லாவற்றையும் கழற்றினேன். வால்வைத் திருப்பி வைத்து மறுபடியும் முறுக்கினேன். இழுத்தது, ஆனால் சளி பிடித்த மூக்கு மாதிரி. மிஸ்திரி நெற்றியைச் சுருக்கினார்.

“நெம்புகோலைக் கடைசி வரைக்கும் அழுத்தி வச்சுக்கிட்டுத்தான் ஸ்க்ரூவை முறுக்கணும், மாஷிமா. இல்லேன்னா ரப்பர் விறைச்சுப்போயிடும்.”

“இதை முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?”

“தினமும் கைதானே செய்யுது. வாய்க்கு ஞாபகம் இல்ல.”

எனக்கு வந்த கோபத்தில் கிச்சடித் தூக்கை எட்டி உதைத்திருப்பேன், பிரசாதமாகப் போய்விட்டது. அழுத்த ஒரு கை, பம்பைப் பிடிக்க ஒரு கை, முறுக்க ஒரு கை வேண்டும். அவரானால் அக்குளிலிருந்து விரலைக்கூட எடுக்கவில்லை. உள்ளே போய்ப் பாவாடை நாடாவை உருவி வந்து, நெம்புகோலை அழுத்திக் கட்டிவிட்டு முறுக்கினேன். நாடாவை அவிழ்த்துப் பார்த்தபோது பம்ப் விரலைக் கவ்வி இழுத்தது.

அதை எஞ்சினில் பொருத்தியதும் நான்தான். சாவி போட்டதும் நான்தான். இருமி இருமி, கடைசியில் கார் உறுமியது.

மறுநாள், பூஜைதான் முடிந்துவிட்டதே என்று மிஸ்திரியே ஸ்டுடியோவுக்கு ஓட்டினார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். இறங்கியதும், இன்றைக்கு என்ன காட்சி என்று ஸ்டுடியோக்காரனிடம் கேட்டேன்.

“மழையில கார் நின்னுபோயிடுது. ஹீரோவும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து தள்ளுறாங்க.”

“அப்புறம் எதுக்குய்யா ஓடி வரணும்?”

“நாங்க எங்கம்மா ஓடணும்னு கேட்டோம்? நீங்கதானே சொன்னீங்க!”

குழாயில் மழை பெய்ய, நாலு பேர் என் காரைத் தள்ளினார்கள். சரியாக வரவில்லை என்று மறுபடியும் தள்ளினார்கள். ஓடுகிற காரைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்ததும் ஈர சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

“வீட்டுக்கா, மாஷிமா?”

“முதல்ல இந்த ஸ்டுடியோவை ஒரு சுத்து சுத்துங்க. ஹாரனை விடாம அடிங்க.”