ஓரகத்தி மருமகளின் சர்டிபிகேட்

எங்கள் தெருவில் டெக்னீசியன் என்ற சொல் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. என் மகன் ஐ.டி.ஐ. முடித்துக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மெஷின் பார்க்கும் வேலையில் சேர்ந்தபோது, கழுத்தில் மாட்டிய அட்டையில் அப்படிப் போட்டிருப்பதாக வாசித்துக் காட்டினான். நான் ரெண்டாவதோடு நின்றவள். ஆனாலும் யார் கேட்டாலும் அந்தச் சொல்லைத் தடுமாறாமல் சொல்வேன்.

பிறகு அது எதிர்வீட்டுக்கும் போனது. எதிர்வீடு என் ஓரகத்தியுடையது. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி அவள். நான் மூக்குத்தி போட்டால் அவளும் போடுவாள். நான் சிவப்பு மாடு வாங்கினால் அவள் அதைவிடப் பெரிதாக ஒரு கறுப்பு மாடு வாங்குவாள். அவளுடைய மருமகள் மாட்டுக்குச் சினை ஊசி போடும் பயிற்சியில் சேர்ந்தாள்.

"மாட்டு டெக்னீசியன் ஆகப்போறா எங்க ஊட்டுப் பொண்ணு," என்று ரேஷன் கடை வரிசையில் ஓரகத்தி சொன்னாள்.

"மாடு இன்னா மெஷினாடி, டெக்னீசியன் வந்து பாக்கறதுக்கு?" என்றேன். வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

நான் எதையும் விசாரிக்காமல் விடுகிறவள் இல்லை. பொன்னேரி மாட்டாஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டேன். மகனைப் போனில் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பன்னிரண்டாவது படித்திருக்க வேண்டுமாம். அந்தப் பெண் அதை முடித்துவிட்டுத்தான் கல்யாணமாகி வந்திருந்தாள். கொஞ்ச நாள் வகுப்பில் பாடம். பிறகு கறிக்கடையிலிருந்து வாங்கி வந்த மாட்டுக் கர்ப்பப்பையை மேசையில் வைத்துக் கையைப் பழக்குவார்களாம். அதன்பிறகு வேலை தெரிந்தவர்கள் கூடவே போய் உயிருள்ள மாட்டில் போட்டுப் பழகவேண்டும். கடைசியில் பரீட்சை. தேறினால் சர்டிபிகேட். எல்லாம் சில மாதங்களில் முடிந்துவிடும். டாக்டர் படிப்பு என்றால் ஐந்து வருஷத்துக்கும் மேல். இவள் சினை ஊசி போடலாம், சினை பார்த்துச் சொல்லலாம், முதலுதவி செய்யலாம். நோய்க்கு வைத்தியம் செய்யக்கூடாது.

இதை நான் ஒருவரிடமும் சொல்லாமல் விடவில்லை. பால் சொசைட்டியில் யாராவது அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டால், "டாக்டரு இல்லம்மா, ஊசி மட்டும்தான்" என்று உடனே திருத்துவேன். மருமகள் பரீட்சையில் தேறிக் கொண்டுவந்த சர்டிபிகேட்டுக்கு ஓரகத்தி கண்ணாடி போட்டு, பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, பெருமாளுக்கு வைத்த பூவில் பாதியைக் கிள்ளி அதற்கும் வைத்தாள். அந்தப் பெண் ஸ்கூட்டியில், காளை விந்தைக் குளிரில் வைத்திருக்கும் புகை வரும் கேனைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்தாள்.

என் சிவப்பு மாட்டுக்கு மட்டும் நான் அவளைக் கூப்பிடவில்லை. பொன்னேரியிலிருந்து ஒருவர் வந்து ஊசி போட்டார். மறுபடியும் போட்டார். சினை நிற்கவில்லை. பாலும் வற்றிப்போனது.

"ம்மா, இந்த வாட்டியும் நிக்கலன்னா வித்துடலாம். சும்மா தீனி போட்டுக்கினு இருக்க முடியாது," என்றான் மகன்.

அவனும் மருமகளும் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டால் பகல் முழுக்க எனக்குத் துணை அந்த மாடுதான். நான் பேசுவேன், அது காதை ஆட்டும். அது போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?

ஒரு காலையில் மாடு பருவத்துக்குக் கத்தியது. பொன்னேரிக்காரர் போனை எடுக்கவில்லை. மகன் என்னைக் கேட்காமலே எதிர்வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தான்.

"பெரியத்த, வாலைக் கொஞ்சம் புடிச்சிக்கறீங்களா?" என்றாள்.

என் மாட்டின் வாலைப் பிடிக்க எனக்கே உத்தரவு. பிடித்தேன். மாட்டின் பின்னால் கோழைபோல் வழிந்த வழும்பை உற்றுப் பார்த்தாள்.

"கலங்கி இருக்குது பெரியத்த. கண்ணாடி மாதிரி இருக்கணும். உள்ள புண்ணு இருக்கும் போல. இன்னிக்கு ஊசி போட்டா நிக்காது."

"அப்ப மருந்து குடு."

"நான் குடுக்கக் கூடாதே. டாக்டரு பாக்கணும்."

"சர்டிபிகேட்டக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சினுகீறீங்களே, அது இன்னாத்துக்கு?"

அந்தப் பெண் சிரித்தாள். "நீங்கதான ஊர் ஃபுல்லா சொல்லிக்கினு இருக்கீங்க, டாக்டரு இல்ல, ஊசி மட்டும்தான்னு. கரெக்டாத்தான் சொல்றீங்க."

என் மகன் முகத்தை வைக்கோல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

அவளே போன் போட்டு டாக்டரை வரவழைத்தாள். அவர் பார்த்துவிட்டு, "சரியாக் கண்டுபுடிச்சிருக்கம்மா," என்று அவளிடம் சொன்னார். மருந்து எப்படி, அடுத்த ஊசி எப்போது என்று எல்லாம் அவளிடம்தான் பேசினார். மாட்டுக்காரி நான் பக்கத்தில் பக்கெட்டோடு நிற்கிறேன். எத்தனை கன்றை இந்தக் கையால் இழுத்து வெளியே எடுத்திருப்பேன். என்னைப் பார்த்து அவர் சொன்னது ஒன்றுதான்: "பாட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மருந்து முடிந்து, அடுத்த பருவத்தில் அவள் ஊசி போட்டாள். சினை நிற்காவிட்டால் மூன்று வாரத்தில் மாடு மறுபடி கத்தும்; அந்த நாட்களில் பகல் முழுக்கக் காது கொடுத்துக் கிடந்தேன். கத்தவில்லை. மூன்று மாதம் போனபின் சினை பார்க்க வந்தாள். தோள்வரை உறை மாட்டிக் கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"நின்னுடுச்சு பெரியத்த," என்றாள்.

மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். இனி யாரும் அதை விற்கும் பேச்சை எடுக்கமுடியாது.

அவள் உறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டியபடி நின்றாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. சொம்பில் மொண்டு அவள் கையில் நான் ஊற்றினேன். நிமிர்ந்தபோது எதிர்வாசலில் ஓரகத்தி துடைப்பத்தோடு நின்றிருந்தாள். பெருக்கவில்லை. அவள் மருமகள் கைக்கு நான் தண்ணீர் ஊற்றுவதைச் சொம்பு காலியாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.