சந்துக்குள் சிரிப்பு

கருணாபுரத்தில் குஞ்சம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் நிலத்துக்காரர்கள் அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். யாரைக் கூட்டிப்போவது, யாரை விடுவது என்பதெல்லாம் அவள் வாயில் இருந்தது. வேலையில்லாத மத்தியானங்களில் தெருப் பெண்கள் அவள் வாசலில் கூடிப் பேன் பார்ப்பார்கள், புளிக்குக் கொட்டை எடுப்பார்கள், அடுத்த தெருக் கதையை அலசுவார்கள். பேச்சை முடித்து வைப்பது குஞ்சம்மாளாகத்தான் இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமனார் செத்தார். அந்த வருஷமே மனையைப் பங்கு பிரித்தார்கள். மூத்தவன் பச்சமுத்துவுக்கு, அதாவது குஞ்சம்மாளின் புருஷனுக்கு, பழைய மண்சுவர் வீடு. இளையவன் ராசுவுக்குப் பக்கத்திலிருந்த கூரைக் கொட்டகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். நீளம் மட்டும் தெருவிலிருந்து கொல்லை வரைக்கும் ஓடியது. இரண்டு கூரைத் தண்ணீரும் அதில்தான் விழும். உடைந்த சட்டி, அறுந்த செருப்பு, மீன் செதில் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

"இத யாரு பங்குல சேக்கறது?" என்று கேட்டார் பங்கு பேச வந்த தெருப் பெரியவர் ஆதிமூலம்.

குஞ்சம்மாள் முந்திக்கொண்டாள். "அந்த சந்து எனக்கு இன்னாத்துக்குங்க? நாய் குட்டி போடறதுக்கா? அவங்களுக்கே குடுத்துடுங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ராசுவின் பெண்டாட்டி பூமாலை சிரிக்கவில்லை. திருநாவலூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், அதிகம் பேசமாட்டாள். "சரிங்க" என்றாள்.

அந்தத் தெருவில் அப்போது குளிக்க மறைவான இடம் எந்த வீட்டிலும் கிடையாது. ஆண்கள் குழாயடியிலோ கோமுகி ஆற்றிலோ குளித்துவிட்டு வந்துவிடுவார்கள். பெண்கள் பாடுதான் பெரும்பாடு. விடிவதற்குள் கொல்லையில் ஒரு பழம்புடவையைக் கட்டி மறைத்து, பாவாடையை மார்புவரை ஏற்றிக்கொண்டு, நனைந்தும் நனையாமலும் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடிவர வேண்டும். கரும்பு வெட்டிவிட்டு உடம்பெல்லாம் சுணை அரிக்க வந்தாலும் இருட்டுகிறவரை சொறிந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பூமாலை அந்தச் சந்திலிருந்த குப்பையைக் கூடை கூடையாக வாரிக் கொட்டினாள். வேலைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஆற்றங்கரையிலிருந்து ஒரு தட்டைக் கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். சரிவு பார்த்துப் பதித்து, தண்ணீர் கொல்லைக்கு ஓடும்படி ஒரு வாய்க்காலும் பறித்து, அதன் முடிவில் இரண்டு வாழைக்கன்று வைத்தாள். தெருப்பக்கம் ஒரு தகரக் கதவு, கொல்லைப்பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி. குஞ்சம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். "சந்துக்கு மாளிகை கட்டறா பாரு" என்று பக்கத்து வீட்டு ஜெயம்மாளிடம் சொன்னாள். ஜெயம்மாளும் சிரித்தாள்.

முதலில் சந்துக்குள் நுழைந்தவள் அந்த ஜெயம்மாள்தான். நெல் அறுத்துவிட்டு வந்த ஒரு சாயங்காலம் குடத்தோடு போய், "பூமால, நானும் ஒரு குடம் ஊத்திக்கட்டுமா?" என்று கேட்டாள். மறுநாள் இன்னொருத்தி. மாதம் திரும்புவதற்குள் தெருவே அங்கேதான். அவரவர் தண்ணீரை அவரவர் கொண்டுபோவார்கள். இடம் குறுகல் என்பதால் வட்டமாக உட்கார வழியில்லை. ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வரிசையாக உட்கார்ந்து, பின்னால் இருப்பவள் முன்னால் இருப்பவளின் முதுகைத் தேய்த்துவிடுவாள். பட்டப்பகலில், அவசரமில்லாமல், மஞ்சள் பூசிக் குளித்தார்கள். பயப்படாமல் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் குஞ்சம்மாளைக் கொன்றது.

அவள் வீட்டுச் சுவரில் சந்தைப் பார்த்து ஒரு கையகலச் சன்னல் இருந்தது. அதில் கோணிச்சாக்கைத் திணித்து அடைத்தாள். அடைத்த பிறகு, என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் தவித்தாள். சாக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக் காதை வைத்தாள். தன்னைப் பற்றி ஏதாவது சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. யாரோ ஒருத்தியின் மாமியாரைப் பற்றி, மாடு காணாமல் போனதைப் பற்றி, புது வளையலைப் பற்றிப் பேசினார்கள். அவள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. திட்டியிருந்தாலும் தேவலை என்று இருந்தது. வாசலில் பேன்சீப்பும் கையுமாக உட்கார்ந்து பார்த்தாள். தலை காட்ட ஓர் ஆள் வரவில்லை.

"நீங்களும் வாங்கக்கா" என்று பூமாலை கூப்பிடத்தான் செய்தாள்.

"எனக்குக் கொல்லை இருக்குது" என்று சொல்லிவிட்டாள் குஞ்சம்மாள். பழையபடி புடவை மறைப்பில், கொசுக்கடியில், இருட்டில் குளித்தாள்.

ஒருநாள் மகள் அம்சவள்ளி ஈரத்தலையோடு வந்தாள். சீயக்காய் வாசனை வீடெல்லாம் மணத்தது.

"எங்கடி குளிச்ச?"

"ஜெயம்மா அத்த வூட்ல."

"அவ வூட்ல எங்கடி இருக்குது குளிக்கற எடம்?"

அம்சவள்ளி குனிந்து தலையைத் துவட்டினாள். பெற்ற மகளே அங்கே போய் முதுகைக் காட்டிவிட்டு வருகிறாள் என்றதும் குஞ்சம்மாளுக்கு வயிறு எரிந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து, சந்து காலியாக இருக்கிற நேரம் பார்த்து, தன் வீட்டுச் சுவரில் உள்பக்கமிருந்தே தண்ணீரை வாரி வாரி அடித்தாள். மண்சுவர் குடித்துக்கொண்டே இருந்தது. அடிப்பக்கம் நன்றாக ஊறியதும் ஆதிமூலத்திடம் போனாள். "ஊரு பொம்பளைங்க ஊத்தற தண்ணியில என் வூட்டுச் செவுரு ஊறிப்போச்சிங்க. விழுந்தா யாரு பொறுப்பு?"

ஆதிமூலம் நியாயஸ்தர், நேரில் பார்க்க வந்தார். தகரக் கதவு சாத்தியிருந்தது. வெளியில் நின்று இருமினார்.

"யாரு அது?" என்று உள்ளேயிருந்து ஜெயம்மாள் கேட்டாள்.

"நான்தாம்மா. செவுரு பாக்க வந்தேன்."

"நாங்க குளிச்சிக்கினு இருக்கறோங்க. செவுரு எங்கியும் ஓடிப்பூடாது, அப்பறமா வாங்க."

உள்ளே சிரிப்பு வெடித்தது. பாவம், ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குஞ்சம்மாள் வீட்டுக்குள் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரல் உள்ளே இறங்கியது. "ஈரம் ஜாஸ்திதான். தண்ணி ஊத்தறத நிறுத்தி வைம்மா பூமால" என்று வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார். பூமாலை ஒரு நிமிஷம் குஞ்சம்மாளைப் பார்த்தாள். பிறகு தகரக் கதவைக் கம்பியால் கட்டினாள்.

பெண்கள் மறுபடியும் இருட்டுக்கும் பழம்புடவைக்கும் திரும்பினார்கள். ஆனால் குஞ்சம்மாளின் வாசலுக்கு யாரும் திரும்பவில்லை. குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. ஜெயம்மாள், "இன்னா குஞ்சம்மா, செவுரு காஞ்சிதா?" என்று மட்டும் கேட்டாள்.

சுவர் காயவில்லை. ஐப்பசியில் கல்வராயன் மலைப் பக்கம் வானம் இடிந்து விழுகிற மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. விடாத மழை. பொழுது சாய்கிற நேரத்தில் குஞ்சம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது, சுவர் அடியோடு மடங்கிச் சந்துக்குள் சாய்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மாடு படுப்பது மாதிரி படுத்துக்கொண்டது. அடுப்புக்கும் மழைக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

முதலில் ஓடிவந்தவள் பூமாலை. குஞ்சம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் கொட்டகைக்குள் கொண்டுபோனாள். தலையைத் துவட்டிவிட்டாள், கையையும் காலையும் தடவிப் பார்த்தாள். அடி ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதான ஊத்துனீங்கக்கா?"

"நான் எதுக்குடி ஊத்தறேன்?"

"செவுத்துல தண்ணி அடிக்கிற சத்தம் எனக்குக் கேக்கும். நீங்க அந்தாண்ட கேட்டா, நான் இந்தாண்ட கேக்க மாட்டனா?"

குஞ்சம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்பவே பெரியவருகிட்ட சொல்றதுதான?"

"சொல்லிட்டா தெருவுல உங்கள யாருக்கா மதிப்பாங்க?"

அவள் சண்டைக்கு வந்திருந்தால் குஞ்சம்மாள் தாங்கியிருப்பாள். இந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியவில்லை. இடத்தைத்தான் எடுத்துக்கொண்டாள், ஆட்களை எடுத்துக்கொண்டாள், இப்போது நல்லவள் என்ற பேரையும் இவளே எடுத்துக்கொண்டு போகிறாளே என்று மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூமாலை கொடுத்த காப்பியைக் குடிக்கவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை.

மழை விட்டதும் பச்சமுத்து செங்கல் சுவர் எழுப்பினான். பெண்கள் எல்லோரும் வந்து இடிந்த மண்ணை வாரினார்கள், கல் எடுத்துக் கொடுத்தார்கள். பெண்டாட்டியைக் கேட்காமலே சந்துப் பக்கம் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டுக் கதவு வைத்தான் பச்சமுத்து.

"இது எதுக்கு?" என்று கத்தினாள் குஞ்சம்மாள்.

"போனா போ, போவாட்டி கெட. நான் வெச்சிட்டேன்" என்றான் அவன்.

இப்போது சுவர் ஊறும் என்ற பேச்சுக்கு இடமில்லை. தகரக் கதவு திறந்தது, சிரிப்பு மறுபடியும் கேட்டது. குஞ்சம்மாள் தன் பக்கத்துக் கதவை வருஷக்கணக்கில் திறக்கவே இல்லை. நெல் மூட்டையை அதன்மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

அம்சவள்ளியை உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், வாசலில் காற்று, கொல்லையில் சேறு. "சந்துலயே ஊத்தும்மா, காத்தே வராது" என்றாள் அம்சவள்ளி. பேத்திக்காகக் குஞ்சம்மாள் மூட்டையை நகர்த்தினாள்.

கல்லின்மேல் உட்கார்ந்து காலை நீட்டினாள். முதுகு இந்தச் சுவரில், பாதம் அந்தச் சுவரில். குழந்தையைக் காலில் கிடத்தி உடம்பை உருவி, மூக்கைப் பிடித்துவிட்டு, வெந்நீரைக் கையால் தாங்கித் தாங்கி ஊற்றினாள். வீறிட்ட குழந்தை சாம்பிராணிப் புகை காட்டி முடிப்பதற்குள் தூங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் வரிசையாகப் பெண்கள், சொம்பும் கையுமாக, குளிக்க மறந்து நிற்கிறார்கள்.

"உன் கைக்கு இன்னாமா தூங்குது!" என்றாள் ஜெயம்மாள்.

அடுத்த வாரம் இன்னொரு குழந்தை வந்தது. பிறகு தெருவில் பிறந்த குழந்தைகள் எல்லாம் அந்தக் காலில்தான் கிடந்தன. குஞ்சம்மாள் சந்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் இடம் விட்டு ஒதுங்கினார்கள். பூமாலை வெந்நீர் விளாவிக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். குழந்தையின்மேல் இருந்த கண்ணை அவள் எடுக்கவில்லை. அந்தப் பார்வை குஞ்சம்மாளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. சாக்குக்குப் பின்னால் தானும் எத்தனை நாள் அப்படி நின்றிருக்கிறாள். அன்றைக்கு இரண்டு உருண்டை களி கூடவே தின்றாள்.

"எனக்கும் கத்துக் குடுங்கக்கா" என்று பூமாலை கேட்டாள்.

"உன் காலு குட்டடி. அதுக்கு நீட்டுக் காலு வேணும்" என்று சொல்லிவிட்டாள் குஞ்சம்மாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படியே ஓடியது. முட்டி தேய்ந்து காலை நீட்ட முடியாமல் போன பிறகுதான் குஞ்சம்மாள் எழுந்தாள். பூமாலை அந்த இடத்தில் உட்கார்ந்தாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்தே பழகியிருந்தாள். குஞ்சம்மாள் தன் கதவண்டை முக்காலி போட்டு உட்கார்ந்து, கழுத்தைப் பிடி, காதில் தண்ணீர் போகிறது என்று குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள். பூமாலை எல்லாவற்றுக்கும் "சரிங்கக்கா" என்பாள்.

அவள் கையில் குழந்தைகள் அழுவதே இல்லை என்று தெருவில் பேச்சு வந்தது. ஜெயம்மாள் அதைக் குஞ்சம்மாளிடமே வந்து சொன்னாள்.

"அழாத கொழந்திக்கு இன்னாடி குளியலு?" என்றாள் குஞ்சம்மாள். "அழுதாத்தான் நெஞ்சு விரியும்."