ஒரு தடவை கூப்பிட்டால் ஒன்பது பெக்டரிக்கும்

எங்கள் நெட்வேர்க் தொழிலில் வேலை செய்வது பாதி, செய்தது என்னவென்று அடுத்தவருக்கு விளங்கவைப்பது மீதி. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதுளையில் ரியாஸ் நானாவின் சின்னக் கொம்பனியில் நான் இருக்கிறேன். ஒன்பது தேயிலை பெக்டரிகள் சேர்ந்து நடத்தும் பிளாக்செயின் எங்கள் பொறுப்பு. எந்த மூட்டைத் தூள், எந்த மலையில் பறித்த கொழுந்து என்ற பதிவு ஒன்பது இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். யாரும் தனியாக உட்கார்ந்து அதை மாற்ற முடியாது.

நமுனுகுல மலைக்குப் பின்னால் இருக்கும் ஒன்பதாவது பெக்டரிக்கு மட்டும் எல்லாம் பிந்தியே போய்ச் சேரும். பிந்திய பதிவை மற்ற எட்டும் ஏற்காது. மாத முடிவுக்குள் சரிவராவிட்டால் அதைக் கழற்றிவிடுவதாக முடிவெடுத்துவிட்டார்கள். அந்த பெக்டரியில்தான் என் அம்மா மூட்டை தைக்கிறாள். கழற்றிவிட்டால் அவள் வேலைக்கும் ஆபத்து. ஆனால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஒன்பது தரம்

பிந்துவதற்குக் காரணம் பெரிய ரகசியமில்லை. பதுளையில் இருக்கும் தலைமைக் கம்பியூட்டர் மெஷின் ஒரே பதிவை ஒவ்வொரு பெக்டரிக்கும் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருந்தது. மலைக்குப் பின்னால் போகும் லைன் மெல்லியது. அதன் முறை வருவதற்குள் அடுத்த பதிவு கிளம்பிவிடும். இதை ரியாஸ் நானாவிடம் படம் போட்டுக் காட்டினேன். படத்தை அவர் பார்க்கவே இல்லை.

"ஒரே கதய ஒம்பது பேருக்கு ஒம்பது தரம் செல்லப் போனா, கடைசி ஆளுக்குப் போறப்போ கத பழசாகிடும் தங்கச்சி. அவ்வளவுதானே?"

பெரட்டு

மருந்து என் கையில் இருந்தது. பழைய முறையில் இணைய முகவரிக்குப் பஞ்சம். ஒரு பெக்டரி முழுக்க ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஐபிவி ஆறு என்ற புதிய முறையில் ஒவ்வொரு மெஷினுக்கும் சொந்த முகவரி உண்டு. அதோடு குழுவுக்கென்று ஒரு பொது முகவரியும் வைக்கலாம். அதற்கு ஒரு தடவை அனுப்பினால் போதும். பாதை பிரியும் இடத்தில் ரவுட்டரே பிரதி எடுத்து, குழுவில் இருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடும்.

ஒன்பதாவது பெக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் சிவலிங்கம் ஐயாவுக்கு இது ஏறவில்லை. காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கும் பெரட்டை உதாரணம் காட்டினேன். "ஐயா, காலையில பெரட்டுக் களத்துல கணக்கப்பிள்ள ஒரு தடவ சத்தம் போட்டு வேல சொல்றாருல்ல? லயம் லயமா, வீடு வீடாப் போயா சொல்றாரு?" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரட்டுல வந்து நிக்காதவனுக்கு அன்னைக்கு வேல கெடையாது பிள்ள. ஒங்க மெஷின் வந்து நிக்குமா?"

நாலு நிமிஷம்

எட்டு பெக்டரியும் முதல் நாளே பாய்ந்து ஓடின. ஒன்பதாவது சரியாக நாலு நிமிஷம் ஓடிவிட்டு ஊமையானது. திருப்பிப் போட்டால் மறுபடியும் நாலு நிமிஷம். லைனைப் பழித்தேன், மழையைப் பழித்தேன், டவரைப் பழித்தேன். மூன்று நாள் பஸ்ஸில் ஏறி இறங்கினேன். சிவலிங்கம் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

குற்றவாளி நான்தான். குழுவில் இன்னும் இருக்கிறாயா என்று ரவுட்டர் அடிக்கடி விசாரிக்கும். பதில் வராவிட்டால் நாலு நிமிஷத்தில் குழுவிலிருந்து எடுத்துவிடும். வெளியிலிருந்து வரும் இந்த மாதிரி விசாரிப்பைக் காதிலேயே வாங்காதே என்று பழைய முறையில் நாங்கள் பாதுகாப்புக்காக எழுதி வைப்போம். மற்ற எட்டு இடத்திலும் புதிதாக எழுதிய நான், தூரம் என்ற சோம்பலில் இங்கே மட்டும் அந்தப் பழைய கட்டளையை அப்படியே ஏற்றிவிட்டிருந்தேன். அம்மா வேலை செய்யும் இடத்திலா இந்தச் சோம்பல் என்று வெட்கமாக இருந்தது. ஒரு வரியை அழித்தேன். ஐந்தாவது நிமிஷமும் ஓடியது, ஐம்பதாவது நிமிஷமும் ஓடியது. ஐயாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கடிகாரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பெரட்டுக்கு வந்தும் பேர் கூப்பிடுறப்ப வாய மூடிக்கிட்டு நின்னா, எந்தக் கணக்கப்பிள்ள பேர் போடுவாரு?"

மாதக் கடைசி

கடைசி நாள் பண்டாரவளையில் ஒன்பது பெக்டரிக்காரர்களும் கூடி, ஒன்பதாவது பெக்டரி மூட்டை ஒன்றில் அச்சடித்திருந்த குறியைப் போனால் ஸ்கேன் செய்தார்கள். மலை, நாள், தரம் எல்லாம் உடனே வந்தது. கழற்றிவிடும் பேச்சு அன்றோடு முடிந்தது. செய்தியைச் சொல்ல நேரே பெக்டரிக்குப் போனேன். மெஷினுக்கு முன்னால் நீளமாக ஒட்டியிருந்த எழுத்தையும் எண்ணையும் காட்டி, அது என்னவென்று அம்மா கேட்டாள். அந்த மெஷினின் சொந்த அட்ரஸ் என்றேன். இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்றாள். இந்தத் தோட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு கொழுந்துக்கும் ஒன்று கொடுத்தாலும் தீராது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப அட்ரஸே இல்லாத நம்ம லயத்துக்கும் வீட்டுக்கு ஒண்ணு போட்டுக் குடு. ஒன் இன்டர்வியூ லெட்டர் தோட்டத்து ஆபீஸ்ல கெடந்து, நாள் முடிஞ்ச பெறகு கைக்கு வந்துச்சே, அந்த மாதிரி இனி ஒரு புள்ளைக்கும் வர வேணாம்."

முகவரிக்குப் பஞ்சமே இல்லாத தொழிலைச் செய்யும் எனக்கு வரும் கடிதங்கள், யாராவது பேர் கூப்பிடட்டும் என்று இன்றைக்கும் தோட்டத்து ஆபீஸ் மேசையில்தான் காத்துக் கிடக்கின்றன.