கப்பலும் வாத்தும்

புயல் வருகிறதென்று வானொலி சொன்னதும் முக்கியமான காகிதங்களை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். அடியில், துணியில் நூலைப் பெருக்கல் குறிபோலப் புள்ளடி புள்ளடியாகப் போட்டுச் சிறுவயதில் நான் தைத்த வாத்து கிடந்தது. பூச்சி உருண்டை வாசம் என்னைத் திருகோணமலைக் கரைவீட்டுக்கு இழுத்துப்போனது.

அன்றைக்கும் புயல் எச்சரிக்கைதான். அப்பா கூரையைக் கயிறு போட்டுத் தென்னையோடு கட்டினார். கூரைக்குப் பாரம் வைக்க நான் கல் சுமந்தேன். அக்கா மட்டும் கதிரையில் சாய்ந்திருந்து, துணியில் தன் கப்பலின் கடைசிப் பாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அவள் முடிக்கட்டும், நீ வா" என்றார் அம்மா.

அக்காவின் துணியைத் திருப்பினாலும் ஒரு முடிச்சுத் தெரியாது. என் வாத்தின் பின்பக்கம் சீவாத தலைபோல இருக்கும்.

தகர றங்குப்பெட்டியில் காணி உறுதிப் பத்திரம், கலியாணப் படம், மேலே கப்பல். "இனி ஒண்டும் வைக்க ஏலாது" என்று அம்மா அடுப்பை அணைக்கக் குசினிக்குப் போனார். நான் கப்பலை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டு வாத்தை வைத்தேன். புயலுக்கு ஒதுங்கப் பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

மூன்றாம் நாள் திரும்பினால் கூரை இல்லை. கடல் உள்ளே வந்து கப்பலைக் கொண்டுபோயிருந்தது. பெட்டியைத் திறந்த அம்மா வாத்தைக் கண்டு என் பக்கம் திரும்பினார்.

அக்கா முந்திக்கொண்டாள். "நான்தான் மாத்தி வைச்சனான், அம்மா. தங்கச்சி ஆசையாத் தைச்சது."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அவள் மனசைப் பற்றித்தான் கதை. அடி விழுந்திருந்தால் அந்த அடியாவது எனக்கென்று இருந்திருக்கும்.

வாத்து கையில் இருக்கத் தொலைபேசி அடித்தது. அக்காதான்.

"உன்ர வாத்தை முதல்ல எடுத்து வைச்சனியோ?"

எழுபது வயதிலும் அவள்தான் முந்துகிறாள்.