பாம்பு நுழையாத உரோம வீடு

யாழ்ப்பாணத்தில் பதினாறு ஆண்டுகள் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவன் நான். அந்தப் பதினாறு ஆண்டுகளிலும் உரோமர் கைபட்ட ஓர் ஓட்டுத் துண்டைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. அது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதும் இல்லை. சமயபாடம் படிப்பித்தவரிடம் கடவுளைக் கண்டீரா என்று யாரும் கேட்கவில்லையே.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு நகரின் நடுவே ஒரு கார் தரிப்பிடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து சிட்டை கொடுக்கும் வேலை கிடைத்தது. உரோமரை மட்டும் நான் விடவில்லை. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனால், வீதி வளையாமல் வடக்கே ஓடுவதைக் காட்டி, உரோமப் படையினர் வீதி போட்ட விதத்தை விளக்கத் தொடங்குவேன். கோயில் வருவதற்குள் முடியாது. திரும்பி வரும்போது மிச்சத்தைச் சொல்வேன். அடுத்த வெள்ளி அவர்களுடைய காரில் இடம் இருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வீட்டுத் தொலைபேசி அடித்தது.

“சேர், என்னைத் தெரியுதோ? உங்களிட்டை ஏ. எல். படிச்சனான்.”

குரல் தெரியவில்லை. “தெரியாமலென்ன, பிள்ளை” என்றேன். ஆசிரியர்கள் ஓய்வு பெற்ற பிறகும் சொல்லக்கூடிய பொய் இது.

அந்தப் பெண் பகலில் மிசிசாகாவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். மாலையில் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பாடமாக எடுத்து ஐந்து வருடங்களாகப் பட்டத்தை நோக்கி நகர்கிறார். மிச்சம் இருப்பது ஒரே ஒரு பாடம். அது முடிந்தால் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். கடைசிப் பாடமாக அவர் தெரிந்தெடுத்தது உரோமப் பேரரசின் மாகாணங்களில் சாதாரண சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது.

“உங்கட நோட்ஸ் எனக்கு முழுக்க மனப்பாடம்தானே சேர். அதை நம்பித்தான் எடுத்தனான்” என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கு அடுத்த வசனத்தை அவர் சொல்லும்வரை இருந்தது.

அரையாண்டுச் சோதனையில், பிரித்தானியாவில் தோண்டி எடுக்கப்பட்ட ஓர் உரோமப் பண்ணை வீட்டின் படத்தைக் கொடுத்திருந்தார்கள். தரை நிலத்தில் படாமல், முழங்கால் உயரத்துச் செங்கல் தூண்கள் மேல் நிற்கிறது. ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பது கேள்வி. இவர் மூன்று விளக்கம் எழுதியிருக்கிறார். பின் வரிசை வாங்கில் இருந்த, பிறம்ரன் நகரத்திலிருந்து வரும் பிறம்ரன்காரர் ஒருவரும் அதே மூன்று விளக்கத்தை அதே ஒழுங்கில் எழுதியிருக்கிறார். அவரும் தமிழர். இவரைப் பார்த்து அவர் எழுதினாரா, அவரைப் பார்த்து இவர் எழுதினாரா என்பதே பேராசிரியைக்கு இருந்த ஒரே சந்தேகம். ஒரு கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் மேலிடத்துக்கு எழுதிவிடுவாராம். பிறகு பாடமும் போகும், ஐந்து வருடமும் போகும்.

“அந்த ஆள் உமக்குச் சொந்தமோ?”

“ஐயோ இல்லை சேர். ஆளோட ஒரு நாளும் கதைச்சதில்லை. நெல்லியடியில ஒரு ரியூட்டறியில படிச்சவராம்.”

“அப்பிடி என்னத்தை எழுதினீர்?”

ஆங்கிலத்தில் எழுதியதை அவர் தமிழில் மூச்சு விடாமல் சொன்னார்: “காற்றோட்டத்தினால் வீடு குளிர்ச்சியடைதற் பொருட்டும், பாம்பு முதலிய விஷ ஜந்துக்கள் உட்புகாதிருத்தற் பொருட்டும் தரை உயர்த்தப்பட்டது. தூண்களிற் காணப்படும் கரி பகைவர் தீ வைத்தமையால் ஏற்பட்டதாகும்.”

என் வசனம். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

“இதில என்ன பிழை?” என்றேன்.

“அது வீட்டைச் சூடாக்கிறதுக்காம் சேர். வெளியில அடுப்பை மூட்டி, சூட்டுக் காத்தைத் தரைக்குக் கீழால விடுறதாம்.”

நான் அப்போது எங்கள் வீட்டுத் தரையில் பதித்த இரும்புத் தட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கீழிருந்து சூட்டுக் காற்று நான் உடுத்திருந்த சாரத்தை ஊதிக்கொண்டிருந்தது. ஏழு மாரிகாலமாக நான் தொலைபேசியில் கதைப்பது அந்த இடத்தில் நின்றுதான். ஏழு வருடத்தில் ஒரு தடவையாவது என் மூளைக்கு உறைத்திருக்கலாம்.

பிழை பிறந்த கதை இதுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே ஆங்கிலப் புத்தகத்தில் படம் இருந்தது. விளக்கம் இருந்த பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. தூண், தரை, நடுவே வெளி. வேர்வை ஒழுக யோசித்தேன். யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சூடாக்க ஆசைப்பட்ட மனிதன் எவனையும் நான் சந்தித்ததில்லை. ஆகவே குளிர்ச்சி. ஒரு காரணத்துக்குப் புள்ளி காணாது என்பதால் பாம்பு. தூண்களில் கரி படிந்திருப்பதாகப் படத்தின் கீழ் ஒரு வரி இருந்தது. எண்பதுகளில் எங்கள் ஊரில் கரியைக் கண்டால் வேறு விளக்கம் எவருக்கும் தோன்றியிருக்காது.

அந்த நோட்ஸைப் பிரதி எடுக்க ரோணியோ இயந்திரத்தில் உருட்டினார்கள். உருட்டியதைப் பார்த்து வேறு ஆசிரியர்கள் எழுதினார்கள். குடாநாடு முழுவதும் பிள்ளைகள் பாடமாக்கினார்கள். யாரும் புள்ளி குறைக்கவில்லை. பிரித்தானியப் பாம்புகளை நான் தனியொருவனாக ஒரு தலைமுறையின் மண்டைக்குள் விட்டிருந்தேன்.

“நான் வந்து சொல்லுறன், பிள்ளை” என்றேன்.

என் மனைவி எல்லாவற்றையும் குசினியில் நின்று கேட்டிருக்கிறார். “இஞ்சாருங்கோ, அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கோ. பிழை விட்டவரும் ஒரு மதிப்பா இருக்க வேணும்.”

பேராசிரியையின் அறைக்கு வெளியே அந்தப் பெண்ணும் பிறம்ரன்காரரும் ஆளுக்கொரு சுவரோரமாக நின்றார்கள். பிறம்ரன்காரர் பொதிக் களஞ்சியம் ஒன்றில் வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். “நோட்ஸ் எழுதின சேர் இவர்தான்” என்று அந்தப் பெண் சொன்னதும் தொப்பியைக் கழற்றினார்.

“மாஸ்டர், உங்களை நான் செத்துப்போனவர் எண்டெல்லோ நினைச்சனான்” என்றார். “நோட்ஸ் அவ்வளவு பழசு.”

உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். பேராசிரியை நரைத்த, அமைதியான பெண். மேசையில் இருந்த ஒரு சதுரச் செங்கல்லை எடுத்து என் கையில் வைத்தார். அப்படிப்பட்ட ஒரு தூணிலிருந்து வந்ததாம். ஒரு பக்கம் கரி அப்பியிருந்தது.

“ஏன் பகைவர் என்று நினைத்தீர்கள்?”

“எங்கள் ஊரில் வீட்டில் கரி இருந்தால் அதுதான் காரணம்” என்றேன். அவர் செங்கல்லைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தார்.

பிறகு, நான் சொல்வதை நம்ப ஆதாரம் வேண்டும் என்றார். நோட்ஸின் பிரதி என்னிடம் இல்லை. சோதனையில் வராத வேறு ஒரு பகுதியைச் சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கதவைத் திறந்து பிறம்ரன்காரரைக் கூப்பிட்டு, “உரோமரது குளிப்பறைகள்” என்று தொடங்கினேன்.

அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். “உரோமரது குளிப்பறைகள் மூவகைப்படும். அவையாவன, குளிர்நீர் அறை, இளஞ்சூட்டு அறை என்பனவாம். இவற்றுட் செல்வந்தரும் வறியோரும்...”

“வெந்நீர் அறையை விட்டிட்டீங்கள்” என்றது வெளியே நின்ற பெண்ணின் குரல்.

“ஓம் ஓம், வெந்நீர் அறை” என்று அவர் திரும்பத் தொடக்கத்திலிருந்து சொன்னார். நடுவில் நிறுத்திச் சொல்ல அவருக்கு வராது. இரண்டாம் வரியில் அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டார். நானும் சேர்ந்துகொண்டேன். கோயிலில் பதிகம் பாடுவதுபோல் மூவரும் ஒரே மூச்சில் முடித்தோம். வெந்நீர் அறைக்குச் சூடு எங்கிருந்து வந்தது என்று பதினாறு வருடத்தில் நானும் யோசிக்கவில்லை, கேட்ட மாணவரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பேராசிரியைக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது.

“இவர்கள் பார்த்து எழுதவில்லை. மேலிடத்துக்கு நான் எழுதப் போவதும் இல்லை” என்றார். “ஆனால் அந்தக் கேள்விக்கு இருவருக்கும் பூச்சியம்தான். இனி இறுதிச் சோதனையைப் பொறுத்தது.” என்னைப் பார்த்தார். எனக்கு என்ன புள்ளி என்று சொல்லவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

வெளியே வந்ததும் பிறம்ரன்காரர் கேட்டார்: “மாஸ்டர், அந்த நோட்ஸில வேற என்னென்ன பிழை?”

“தெரியேல்லை தம்பி. பிழை எண்டு தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கமாட்டன்.”

“அப்ப எல்லாத்தையும் மறக்கவேணும்” என்றார் அந்தப் பெண். “அதுக்கு என்ன வழி சேர்?”

பாடமாக்க எனக்கு ஒன்பது வழி தெரியும். மறக்க ஒரு வழியும் தெரியாது. “புத்தகத்தை வாசியும்” என்றேன். பதினாறு வருடத்தில் அப்படி ஓர் ஆலோசனையை எந்த மாணவருக்கும் நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.

சித்திரையில் திரும்பவும் தொலைபேசி அடித்தது. இருவரும் பாடத்தில் சித்தியடைந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பட்டமும் உறுதி. இறுதிச் சோதனையில் குளிப்பறைகள் பற்றியே கேட்டார்களாம்.

“கை தன்பாட்டில எழுதத் தொடங்கிட்டுது சேர். பிறகு பேனையை வைச்சிட்டு, உங்கட குரல் நிக்குமட்டும் சும்மா இருந்தனான்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு பத்து நிமிசம் வரும்.”

வகுப்பில் என்னை அவ்வளவு சுருக்காக யாரும் நிறுத்தியதில்லை.