சித்தியின் அக்கா

என் சித்தியின் வெறும் முகத்தைப் பார்த்தவர்கள் அப்போது மூன்றே பேர்: அம்மா, நான், கண்ணாடி. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களோடுதான் இருந்தாள். திருவிழாக்களில் சினிமாப் பாட்டுப் பாடுகிற குழுவில் அவள்தான் முதல் பாடகி. பால்காரர் மணியடித்தால்கூடப் பவுடர் போட்ட பிறகுதான் கதவைத் திறப்பாள். அதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, ஆடி மாதம், சென்னீர்குப்பத்தில் கூழ் வார்க்கும் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிப்போனாள். பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணிநேரம் பூசியதெல்லாம் கழுத்து வழியாக இறங்கிவிட்டது. துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து, வெறும் முகத்தோடு பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே அவள் படம் போட்ட பெரிய பேனர் நின்றது. நான் பிறப்பதற்கு முன் ஸ்டுடியோவில் எடுத்த படம். எந்த ஊருக்கும் அதைத்தான் அனுப்புவாள்.

விழாக் குழுப் பெரியவர் ஓடி வந்தார். பேனரைக் காட்டிச் சித்தியிடமே கேட்டார்: "பாடுற அம்மா எப்போ வருவாங்க? நீங்க அவங்களுக்கு இன்னா உறவு?"

சித்தி பேனரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் அவ அக்கா. பின்னாடி வந்துகினு இருக்கா" என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது. சித்திக்கு இருப்பது ஒரே அக்கா, என் அம்மா. அவள் வீட்டில் மாவரைத்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தி என் கையைப் பிடித்த பிடியில் மூடிக்கொண்டேன். பெரியவர் நாற்காலி போட்டு, கூழும் முருங்கைக்கீரையும் கொடுத்து, தங்கையை இந்த அளவுக்குக் கொண்டுவந்தது நீங்கள்தானே என்று கேட்டார். சித்தி தலையாட்டினாள். அவளோடு செல்ஃபி எடுப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டாயா என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

அப்புறம் பக்கத்துப் பள்ளிக்கூட அறைக்குள் மேக்கப் பெட்டியும் மாற்றுப் புடவையுமாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தது பேனர் முகம். விசில் பறந்தது. நான்காவது பாட்டு முடிந்ததும் பெரியவர் மேடையேறித் தங்க நிறப் பொன்னாடை போர்த்தினார். அதோடு விடவில்லை. மைக்கைப் பிடித்து, பாடகியின் அக்காவும் மேடைக்கு வர வேண்டும் என்றார். கையில் இன்னொரு பொன்னாடை, பச்சை நிறம்.

கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பார்த்தேன். அந்த அக்கா எங்கிருந்தாவது எழுந்து வருவாள் என்றே ஒரு நொடி நம்பினேன்.

"அக்கா கிளம்பிட்டாங்க" என்றாள் சித்தி. மைக்கில் அவள் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

"அவங்களாண்ட மறக்காம குடுத்துடும்மா" என்று பெரியவர் பச்சையை அவள் கையில் வைத்தார்.

வீடு திரும்பியதும், இரண்டாவது பொன்னாடை யாருக்கு என்று அம்மா கேட்டாள். அக்காவுக்குக் கொடுத்தார்கள் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பச்சையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். சித்தி பீரோவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை சித்தி தங்க நிறப் பொன்னாடையோடு அம்மா முன்னால் வந்து நின்றாள். "இத நீ வெச்சுக்கோக்கா. அந்தப் பச்சைய எனக்குக் குடு."

ஜரிகைகூட இல்லாத அதில் என்ன இருக்கிறது என்று அம்மா சிரித்தாள். ஆனாலும் மாற்றிக்கொண்டாள்.

சித்தி முகத்தைக் கழுவினாள். பவுடர் டப்பாவைத் தொடவில்லை. கண்ணாடி முன் நின்று பச்சையைப் போர்த்திப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். அந்த நிறம் அவளுக்கு எடுப்பாக இல்லை போலிருக்கிறது, அதற்குத்தான் அழுகிறாள் என்று ஜன்னலோரம் நின்றிருந்த நான் நினைத்துக்கொண்டேன்.